பெயர் கேட்காத படையல்

சித்தி என்றுதான் சொன்னான் சஞ்சீவ், மேடையில். “இது எங்க சித்தி கல்யாணம்.” மைக் நன்றாகவே வேலை செய்தது, கடைசி வரிசைக்கும் கேட்டிருக்கும், மூன்றாவது வரிசையில் நடைபாதை ஓரமாக உட்கார்ந்திருந்த மேகலாவுக்குக் கேட்காமல் போக வழியே இல்லை. திரையில் நின்றது கலாமணி அக்கா. மேகலாவின் கூடப் பிறந்த அக்கா. கோபிச்செட்டிபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மணமகள் அறையில், அரக்குப் பட்டில், நெற்றிச்சுட்டி ஒரு பக்கமாகச் சரிந்து, வலது கையைக் கேமராவைப் பார்த்துத் தூக்கி, உள்ளங்கை முழுக்க மருதாணியும் விரல்களுக்கு நடுவில் ஒரே ஒரு கண்ணுமாகத் தெரிகிற அக்கா. அவள் எப்போது இவனுக்குச் சித்தி ஆனாள்? சஞ்சீவின் அம்மாவை மேகலாவுக்குத் தெரியும், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தங்கையே கிடையாது, ஒரே ஒரு அண்ணன், அவரும் கனடாவில். இல்லாத சித்திக்குக் கல்யாணம் பண்ணி வைத்திருக்கிறான். சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. இன்னும் ஒரு வாக்கியம் பொறுப்போம், ‘சித்தின்னு சும்மா சொன்னேன், இது என் ஃப்ரெண்ட் மேகலாவோட அக்கா’ என்று அடுத்த மூச்சில் சொல்லத்தான் போகிறான், சஞ்சீவுக்குப் பேச்சில் இப்படி ஒரு சுற்று சுற்றி வருகிற பழக்கம் உண்டு என்று அவள் காத்திருந்தாள். அதற்காகத்தானே கூப்பிட்டான். “நீ கண்டிப்பா வரணும் மேகா, நீ இல்லாம இந்தப் பேச்சே இல்ல” என்று செய்தி அனுப்பியிருந்தான். அதை நம்பி இந்த ஊதா நிறச் செட்டிநாட்டுச் சேலையைக் கஞ்சி போட்டுக் கட்டிக்கொண்டு, ஆட்டோவில் வரும்போதே, பெயரைச் சொன்னதும் எழுந்து எவ்வளவு தலை குனியலாம், ரொம்பக் குனிந்தால் பணிவு மாதிரி இருக்கும், குனியாவிட்டால் திமிர் என்பார்கள் என்று ஒத்திகை பார்த்தவள். அந்த ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்திருப்பாரோ? யாருமில்லாத இடத்தைப் பார்த்து ஒரு பொம்பளை தலையாட்டிக்கொண்டு வந்ததை நினைக்க இப்போது உடம்பெல்லாம் கூசியது. அடுத்த மூச்சும் வந்து போயிற்று. சஞ்சீவ் தண்ணீர் குடித்தான்.

“இந்தக் கையைப் பாருங்க” என்றான். மேடைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ‘என்னைத் தூண்டியவை’ என்று எழுதியிருந்தது. ஒரு புகைப்படம், ஒரு இசை, ஒரு வீடியோ, இந்த மூன்றும் ஒரு ஃபேஷன் புகைப்படக்காரனை எப்படி உருவாக்கின என்பது பேச்சு. கல்லூரிப் பிள்ளைகள் அரங்கு நிறைய வந்திருந்தார்கள். கையைப் பார்க்கச் சொன்னான், எல்லோரும் கையைப் பார்த்தார்கள். மேகலா மட்டும் திரையின் இடது ஓரத்தைப் பார்த்தாள், அங்கே ஒரு சின்னப் பெண் இருந்தாள், பச்சைப் பாவாடை, இரட்டை ஜடை, ஒரு ஜடையில்தான் ரிப்பன், இன்னொன்று எங்கோ விழுந்துவிட்டது, கையில் வெள்ளையாக ஏதோ கசங்கலாக. அவன் கண்ணும் அங்கே போயிற்று. போனதை மேகலா பார்த்தாள். இப்போது சொல்வான். இதோ. “அந்த ஓரத்துல நிக்கிற குட்டிப் பொண்ணு யாருன்னு கேக்காதீங்க, எனக்கும் தெரியாது, யாரோ பக்கத்து வீட்டுப் பொண்ணு, எல்லா கல்யாண கேசட்லயும் இப்படி ஒண்ணு ஃப்ரேமுக்குள்ள வந்து நிக்கும்” என்றான். அரங்கு சிரித்தது. நல்ல சிரிப்பு, எல்லோருக்கும் அவரவர் வீட்டுக் கேசட் ஞாபகம் வந்த சிரிப்பு. கொடுமை என்னவென்றால் மேகலாவும் சிரித்துவிட்டாள். வாய் தானாகவே சிரித்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் திரும்பி அவளைப் பார்த்துக் கூடச் சேர்ந்து சிரித்தாள், சிரிப்பை நடுவில் நிறுத்தத் தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே பல்லைக் காட்டிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. பக்கத்து வீட்டுப் பொண்ணு. அந்த வெள்ளைக் கசங்கல் என்ன தெரியுமா சஞ்சீவ், அக்காவின் கர்ச்சீப். ஈரமாக இருந்தது. பிழிந்தால் சொட்டியிருக்கும் என்று மேகலாவுக்கு இன்றைக்கும் உள்ளங்கையில் தெரியும். கண் மை கரைந்து அதில் ஒரு மூலை கறுத்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நில் என்று அக்காதான் கொடுத்தாள், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுப்பாளா அதை?

தெரிந்துதான் சொல்கிறானா, மறந்துவிட்டானா. இதுதான் முள்ளாகக் குத்தியது. தெரிந்து சொன்னால் அவன் திருடன், திருடனைக் கோபித்துக்கொள்ளலாம், அதற்கு வழி இருக்கிறது. மறந்திருந்தால்? அவனுக்கு உண்மையிலேயே சித்தி மாதிரி ஆகிவிட்டிருந்தால்? அந்த முகத்தைப் பார்த்தால் பொய் சொல்கிற முகமாக இல்லை, சித்தியை நினைத்து உருகுகிற முகமாகத்தான் இருந்தது. எல்லாம் படையலால் வந்த வினை. அந்தப் படையலை ஆரம்பித்து வைத்தவளே இவள்தான், யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை. வளசரவாக்கத்தில் சஞ்சீவின் சின்ன ஸ்டுடியோவில், படம் எடுப்பதற்கு முந்தின நாள், குழுவில் இருக்கிற எல்லோரும் ஆளுக்கு ஒரு படம், ஒரு பாட்டு, ஒரு வீடியோத் துண்டு கொண்டுவந்து நடு மேசையில் வைக்க வேண்டும். பத்திரிகையில் கிழித்தது, பெரியப்பா பையனின் போனில் இருந்தது, பஸ்ஸில் கேட்டது, எதுவானாலும் சரி. யாருடையது என்று யாரும் கேட்கக் கூடாது. வைத்தவரும் சொல்லக் கூடாது. முதல் வருஷம் மேக்கப் பெண் ஜெனிஃபர் எதை வைத்தாலும், “மேக்கப்காரிக்கு இதெல்லாம் எதுக்கு” என்று ஒரு இளக்காரம் இருந்தது, அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் மேகலா அந்த விதியைப் போட்டாள். “படையல்ல வடை யார் சுட்டது, பாயசம் யார் வெச்சதுன்னா கேக்கறோம்? சாமிக்கு வெச்சாச்சு, அவ்வளவுதான்” என்றாள். சஞ்சீவ் கை தட்டினான். “மேகா, நீ பெரிய ஆளு.” அன்றிலிருந்து அந்த மேசைக்குப் படையல் என்றே பெயர். வேறு எந்த ஸ்டுடியோவிலும் இப்படி ஒரு கூத்து கிடையாது, மற்ற இடங்களில் படத்துக்குக் கீழேயே பெயர் எழுதி ஒட்டுவார்கள், நான் கொண்டுவந்தது நீ கொண்டுவந்தது என்று அடித்துக்கொள்வார்கள், நாம் அப்படியா என்று இவர்களுக்கு ஒரு பெருமை. படையலில் வைத்தது சாமிக்கு. சாமி யார் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. கேமரா யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சாமி. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள், தன் தேங்காயைக் கொண்டுபோய்ப் பிள்ளையார் கையிலேயே கொடுத்து, யார் கொடுத்தது என்று சொல்லிவிடாதே என்று சத்தியமும் வாங்கிக்கொண்டு வந்தவள் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

ஆனால் அந்தக் கேசட்டைப் படையலில் வைக்கவில்லை. அது மட்டும் நிச்சயம். அதை மேசையில் வைக்கவில்லை, கையில் கொடுத்தாள், அவன் கையில், யாருடையது என்று சொல்லியே கொடுத்தாள். மழை நாள். முதல் பெரிய வேலையை வாடிக்கையாளர் பார்த்துவிட்டு “உயிரே இல்ல” என்று திருப்பி அனுப்பியிருந்தார். சஞ்சீவ் ஸ்டுடியோத் தரையில், வெள்ளைப் பின்னணித் துணியின் மேலேயே படுத்துக்கிடந்தான், செருப்புக் காலோடு. அவன் அழுது அவள் பார்த்தது அன்றைக்குத்தான். “எனக்குன்னு ஒண்ணுமே இல்ல மேகா. நான் பார்த்ததெல்லாம் எவனோ எடுத்தது. எங்க வீட்ல ஒரு நல்ல போட்டோகூடக் கிடையாது” என்றான். பாவமாக இருந்தது. வேறென்ன, பாவம் பார்த்தது தப்பா? அக்காவின் கேசட் அப்போது அவள் அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்தது. அப்பா போன பிறகு அவருடைய வீடியோ கடையைக் காலி பண்ணும்போது அக்காதான் எடுத்துக் கொடுத்தாள். “இத நீயே வெச்சுக்க மேகலா. எங்கூட்ல வேண்டாம்” என்றாள். யாருக்கும் காட்டாதே என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியிருக்காது. மேகலா அதை எடுத்துப்போய் சஞ்சீவிடம் காட்டினாள், பழைய வீசிஆர் ஒன்றை எங்கிருந்தோ தேடிப் பிடித்தார்கள், தரையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். கை தூக்குகிற இடம் வந்ததும் அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “யார் இவங்க?” “எங்க அக்கா.” “அந்தப் பொடிசு?” “நான்தான்.” “நீயா! ஒரு ரிப்பன் எங்கடி?” என்று கேட்டுச் சிரித்தான். கேட்டான். ரிப்பனைப் பற்றிக்கூடக் கேட்டான். காட்சியின் மேல் ஓடிய சினிமாப் பாட்டு இழுத்தது, டேப் பழசாகிவிட்டதால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வயலின் தண்ணீருக்குள் போன மாதிரி இழுத்து, பிறகு மேலே வரும். அவன் ரிமோட்டை எடுத்தான், தள்ளிவிடலாம் என்று. “தள்ளாத சஞ்சீவ். அந்த இழுக்கற இடம்தான் அழகு” என்றாள். கெட்டுப்போகாமல் இருக்கட்டும், பென்டிரைவில் மாற்றித் தருகிறேன் என்று கேசட்டை வாங்கிக்கொண்டான். மாற்றித் தந்தான். தனக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டதை அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, இப்போது அது பன்னிரண்டடி அகலத்தில் எல்லோருக்கும் ஓடுகிறது.

“ம்யூசிக்குக்கு வர்றேன்” என்றான் மேடையில். “இந்தப் பாட்டு இழுக்குது பாருங்க. எல்லாரும் இதைத் தப்புன்னு தள்ளிவிட்டுடுவாங்க. எனக்கு அந்த இழுக்கிற இடம்தான் அழகு.” சொல் மாறாமல் சொன்னான். ‘எனக்கு’ மட்டும் புதுசு. பக்கத்துக் கல்லூரிப் பெண் அதை அப்படியே குறித்துக்கொண்டாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. தனக்கு வந்தது கோபம் என்றுதான் மேகலா நினைத்தாள், இல்லை, பயம். எதற்குப் பயம்? வலது பக்கம் மூன்று கால் தாங்கியின் மேல் ஒரு கேமரா இருந்தது, அதன் தலையில் வெள்ளை விளக்கு, பக்கத்தில் ‘நேரலை’ என்று எழுதிய அட்டை. இது இப்போதே போய்க்கொண்டிருக்கிறது. எங்கே போகிறது, எல்லா இடத்துக்கும் போகிறது, கோபிக்கும் போகும். அக்கா பையன் பிரசன்னா இந்த மாதிரி எல்லாவற்றையும் போனில் பார்க்கிறவன், தன் சித்தி மேகலா வேலை செய்கிற குழு என்று பெருமையாகப் பார்க்கிறவன். “அம்மா, இங்க வந்து பாரும்மா, நீதான் இது!” என்று அடுப்படிக்கு ஓடியிருப்பானோ? அக்கா வீட்டுக்காரர், மாமா பார்ப்பாரோ? மாமா கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும், அவர் ஒரு நாளும் அக்காவைக் கடிந்து பேசியதில்லை. ஆனால் அக்கா அந்தக் கல்யாண நாளுக்குப் பிறகு அந்தக் கையைத் தூக்கவே இல்லை, எதற்கும். வளையலைக் கழற்றிக் கொடு என்றால் கொடுத்தாள், படித்தது போதும் என்றால் போதும், தறி வைக்கலாம் என்றால் வைக்கலாம். அவ்வளவு பெரிய வீட்டில் அக்காவின் குரல் எப்படி இருக்கும் என்பதே விருந்தாளிகளுக்குத் தெரியாது. ஆனால் அன்றைக்குச் சொன்னாள். ஒரு தடவை சொன்னாள்.

முகூர்த்தத்துக்கு முன்னால் அது. அப்பா கோபியில் ‘கலா வீடியோ விஷன்’ வைத்திருந்தார், பெரிய மகள் பேரில் கடை, சுற்றுவட்டாரக் கல்யாணமெல்லாம் அவர் தோளில்தான், பெரிய மகள் கல்யாணத்தை இன்னொருத்தன் எடுக்க விடுவாரா? கேமராவைத் தூக்கிக்கொண்டு அவரே மணமகள் அறைக்குள் வந்தார், பின்னாலேயே விளக்குப் பிடிக்கிறவர், அந்த விளக்கு அறையை ஒரே வெள்ளையாக அடித்தது. அக்கா அப்போதுதான் முகம் துடைத்திருந்தாள். “கொஞ்சம் சிரி சாமி” என்றார் அப்பா, கேமராவுக்குப் பின்னாலிருந்து. அக்கா கையைத் தூக்கினாள். “வேண்டாங்கப்பா. எடுக்காதீங்க” என்றாள். கெஞ்சவில்லை, சத்தம் போடவில்லை, ஒரு ஆளிடம் ஒரு ஆள் சொல்கிற மாதிரி சொன்னாள். அது கேமராவைச் சொன்னதா, கல்யாணத்தையே சொன்னதா? மேகலா இத்தனை வருஷமாக அந்த இடத்தில்தான் வந்து வந்து முட்டிக்கொண்டு நிற்கிறாள். அப்பா எடுத்துக்கொண்டே இருந்தார். அக்கா கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது, பிறகு இறங்கியது. சிரித்தாள். அந்தச் சிரிப்பும் கேசட்டில் இருக்கிறது, அதை சஞ்சீவ் வெட்டிவிட்டான். பிறகு ஒரு நாள் கடையில், அப்பா இரண்டு வீசிஆர் பெட்டிகளை இணைத்து வைத்துக்கொண்டு கேசட் தயார் பண்ணும்போது மேகலா பக்கத்தில் முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள். அந்த இடம் வந்தது. அப்பா திரும்ப ஓட்டினார். மறுபடி திரும்ப ஓட்டினார். ‘எடுக்காதீங்க’, ‘எடுக்காதீங்க’ என்று அக்கா பெட்டிக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா அந்தச் சின்னக் குமிழைத் திருகினார், சத்தம் குறைந்து குறைந்து போயிற்று, அதன் மேல் அந்தச் சினிமாப் பாட்டை ஏற்றினார். “அக்கா என்னங்கப்பா சொல்றா?” என்று கேட்டாள் மேகலா, தெரிந்துகொண்டே. “ஒண்ணுமில்ல கண்ணு. வெளிச்சம் கண்ணு கூசுதுங்கறா.” அப்பா அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். மழை நாளில் சஞ்சீவ் அதே கேள்வியைக் கேட்டபோது, மேகலாவும் அப்பா சொன்னதையே சொன்னாள். எல்லாவற்றையும் கொடுத்தவள் அதை மட்டும் கொடுக்கவில்லை. அது அக்காவுடையது. ஏன், மற்றதெல்லாம் யாருடையதாம்?

திரை மாறியது. இப்போது அந்தப் புகழ்பெற்ற படம். எல்லோருக்கும் தெரிந்த படம், அண்ணா சாலையில் பட்டுக்கடை விளம்பரமாக ஆளுயரத்துக்கு மேல் ஆளுயரமாக நின்ற படம். மும்பைப் பெண் ஒருத்தி, அரக்குப் பட்டு, நெற்றிச்சுட்டி சரிந்து, கையைத் தூக்கி, விரல்களுக்கு நடுவே ஒரு கண். அரங்கில் “ஹா” என்று ஒரு மூச்சு. சேலையை மேகலாதான் கட்டிவிட்டாள், சுட்டியை ஒரு பக்கம் சரித்துவிட்டவளும் அவளே, “இவ்வளவு சரிஞ்சா தப்பா இருக்குமே” என்று அந்தப் பெண் இந்தியில் கேட்டதற்கு, இப்படித்தான், இப்படியே இருக்கட்டும் என்றவளும் அவளே. அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது இப்போது? எழுந்து நின்று கத்தலாமா? இது என் அக்கா, அந்தக் குழந்தை நான். நிரூபி என்பார்கள். முப்பத்தெட்டு வயதுப் பொம்பளை, வெள்ளை முடிக்குச் சாயம் அடித்தவள், அந்த ஒற்றை ரிப்பன் நான்தான் என்று எதைக் காட்டி நிரூபிப்பாள்? பொறாமை என்பார்கள். சேலை கட்டிவிடுகிறவளுக்கு இவ்வளவா என்பார்கள். அப்படியே நம்பினாலும்தான் என்ன, மேகலாவின் பெயர் வரும், கைதட்டுவார்கள், அந்தக் கேசட் இன்னொரு தடவை ஓடும், அக்கா இன்னொரு தடவை நிற்பாள். இவ்வளவு நேரமும் ‘என் பெயர், என் பெயர்’ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆட்டோவில் தலைகுனிந்து பழகியதும் அதற்குத்தான். அக்காவின் பெயர் வராததற்கு இவள் எப்போதாவது அடித்துக்கொண்டாளா? அந்த விளம்பரம் நின்ற மாதமெல்லாம் அந்த வழியே போகும்போது பஸ் ஜன்னலிலிருந்து பார்த்துப் பார்த்துப் பூரித்தவள்தானே? சஞ்சீவ் இவளுக்குச் செய்தது துரோகம். அது துரோகம்தான், அதில் சந்தேகமே இல்லை, நெஞ்சு எரிகிறது. ஆனால் அந்த எரிச்சலுக்கு அடியில் இன்னொன்று ஊர்ந்தது, அதை நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஏசி குளிர் கழுத்துக்குள் இறங்கியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கேள்வி நேரம் என்றார்கள். பக்கத்துப் பெண்தான் முதலில் கை தூக்கினாள், குறிப்பெடுத்தவள், மைக் அவளிடம் வந்தது. “சார், அந்தக் கேசட்ல உங்க சித்தி உதடு அசையுது சார். கை தூக்கும்போது என்னமோ சொல்றாங்க. பாட்டு போட்டதால கேக்கல. என்ன சார் சொல்றாங்க?” மேகலா திரும்பி அவளைப் பார்த்தாள். இருபது வயதுப் பெண், ஒரு தடவை பார்த்தவுடன் உதட்டைப் பார்த்திருக்கிறாள். சஞ்சீவ் புன்னகைத்தான், யோசிக்கவேயில்லை. “ரொம்ப சிம்பிள்மா. வெளிச்சம் கண்ணு கூசுதுங்கறாங்க.” அப்பாவின் வாக்கியம். அப்பா குமிழைத் திருகிக்கொண்டே சொன்னது, மேகலாவின் வாய் வழியாக அவன் வாய்க்குப் போய், இப்போது அரங்கம் முழுக்க அதுவே உண்மையாகப் பரவியது. “எவ்வளவு அழகு” என்றாள் அந்தப் பெண். சஞ்சீவ் அவளைப் பார்த்த பார்வையிலேயே பக்கத்திலிருந்த மேகலாவையும் பார்த்துவிட்டான், முகம் மலர்ந்தது. உண்மையான மலர்ச்சி, அதுதான் தாங்க முடியவில்லை. “ஏய், மேகா! இவங்க மேகலா. எங்க டீம்ல சேலை கட்டிவிடுறவங்க. அந்தப் படத்துல மடிப்பெல்லாம் இவங்க கைதான். எழுந்திரு மேகா, ரெண்டு வார்த்தை சொல்லு.” பெயர் வந்துவிட்டது. சாயங்காலம் முழுக்கக் காத்திருந்த பெயர் வந்து, சேலை மடிப்போடு நின்றுவிட்டது. கைதட்டினார்கள். மைக் அவள் இடது கையில் திணிக்கப்பட்டது. எழுந்தாள்.

அந்தக் கேமரா திரும்பியது, தலையில் இருந்த விளக்கோடு. வெள்ளையாக முகத்தில் அடித்தது. முதலில் கண் கூசியது, அது உண்மை, அப்பா முழுப் பொய்யும் சொல்லவில்லை. அரங்கம் மறைந்துபோயிற்று, வெளிச்சம் மட்டும், அதற்குப் பின்னால் யாரோ “கொஞ்சம் சிரிங்க மேடம்” என்றார்கள். வலது கை தானாக எழுந்தது. உள்ளங்கை வெளியே, விரல்கள் விரிந்து. தூக்கிய பிறகுதான் அது எந்தக் கை என்று அவளுக்குத் தெரிந்தது, தோள் வரைக்கும் தெரிந்தது, இந்தக் கை வெளிச்சத்தை மறைக்கத் தூக்குகிற கை இல்லை, அக்கா கேமராவை மட்டும் சொல்லவில்லை, கல்யாணத்தை மட்டும் சொல்லவில்லை, எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தச் சொன்னாள், அப்பாவைப் பார்த்து, மகள் சொன்னால் நின்றுவிடும் என்று நம்பிச் சொன்னாள். “எடுக்காதீங்க” என்றாள் மேகலா. மைக் இடுப்புப் பக்கத்தில் தொங்கியது, யாருக்கும் கேட்கவில்லை. அதற்குள் அரங்கம் துள்ளியது. “பாருங்க! பாருங்க, அப்படியே!” என்று சஞ்சீவ் மேடையில் கூவினான், “இதுதாங்க எங்க டீம்! பாட்டைப் போடுங்க, பாட்டைப் போடுங்க!” போன்கள் எல்லாப் பக்கமும் எழுந்தன, பக்கத்துப் பெண்ணும் எடுத்தாள், யாரோ பாட்டை ஏற்றினார்கள். மேகலா மறுபடி சொன்னாள். உதடு அசைந்தது அவளுக்கே தெரிந்தது. வயலின் வந்தது. அது தண்ணீருக்குள் இறங்கும் இடம் இனிமேல்தான், அதற்குப் பிறகு ஒரு சரணம், பிறகு முடிந்துவிடும். இந்தப் பாட்டு எங்கே முடியும் என்று இந்த அரங்கத்தில் அவளைவிடத் தெரிந்தவர் கிடையாது. எங்கேயோ ஒரு அடுப்படி வாசலில் பையனின் போனை வாங்கிப் பார்த்துக்கொண்டு அக்கா நிற்கிறாளோ என்னவோ, நின்றால் பாட்டையும் தாண்டி அவளுக்குக் கேட்டிருக்கும். “போதும் மேகா, சூப்பர், உக்காரு” என்றான் சஞ்சீவ். அவள் உட்காரவில்லை. மைக்கை வாய்க்கு நேராகக் கொண்டுவந்தாள். அன்றைக்கு அக்கா கையை இறக்கிவிட்டாள். மேகலா இறக்காமல், பாட்டு முடியட்டும் என்று நின்றாள்.